காரைக்கால் வழியாக வந்த மொட்டை

வேளாங்கண்ணிக்கு வேன் போகிறது என்றால் எங்கள் ஊரில் முதலில் பேர் கொடுக்கிறவர்கள் ஆண்கள்தான். ஆண்களுக்கு அத்தனை பக்தியா என்று யாரும் ஆச்சரியப்பட வேண்டாம். சீர்காழிப் பக்கத்திலிருந்து வேளாங்கண்ணி போகிற சாலை காரைக்கால் வழியாகப் போகிறது. காரைக்கால் புதுச்சேரி அரசாங்கத்தைச் சேர்ந்த ஊர். அங்கே சரக்கு மலிவு. கடைகளும் கோயில் கடைத்தெரு மாதிரி வரிசையாக இருக்கும். மாதா வேளாங்கண்ணியில் வந்து உட்கார்ந்ததற்கும் காரைக்கால் நடுவழியில் இருப்பதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் எங்கள் ஊர் ஆண்களின் பக்தியில் பாதியை வளர்த்தது காரைக்கால்தான்.

இது தொண்ணூறுகளில் நடந்தது. ஆண்பிள்ளைகள் குவைத்துக்கும் சிங்கப்பூருக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். பெண்பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். மிச்சம் இருந்த நாங்கள் மாட்டைப் பார்த்துக்கொண்டும், எஸ்.டி.டி. பூத் வாசலில் ஃபோனுக்குக் காத்துக்கொண்டும் இருந்தோம். குவைத்திலிருந்து திரும்பி வந்த ஒருத்தர் ஒரு வேன் வாங்கி விட்டிருந்தார். முன்கண்ணாடிக்கு மேலே பிள்ளையார், நாகூர் மினாரா, வேளாங்கண்ணி மாதா மூன்றையும் ஒரே வரிசையில் வரைந்து வைத்திருந்தார். யார் கூப்பிட்டாலும் வண்டி போக வேண்டும் அல்லவா? அவரைக் கேட்டால் மூன்று பேருமே டீசல் போட்டதில்லை என்பார்.

அந்த வருஷம் ஆவணி பிறந்தும் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. மேட்டூரைத் திறப்பார்கள், திறக்கமாட்டார்கள் என்று டீக்கடையில் தினமும் சண்டை. நாற்றங்கால் காய்ந்து கிடந்தது. வேலை இல்லாத ஊர் என்ன செய்யும்? வேன் ஏறும். ஆள் சேர்த்தது எங்கள் தெரு இட்லிக்கடை அம்மா. அந்த அம்மா கூப்பிட்டு வரமாட்டேன் என்றால் மறுநாள் இட்லிக்குச் சாம்பார் கிடைக்காது.

எங்கள் குடும்பத்தில் மூன்று பேர் ஏறினோம். நான், என் அக்கா, அக்கா புருஷன். என் வீட்டுக்காரி கன்று போடப்போகிற பசுவோடு நின்றுவிட்டாள்.

மச்சானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் ரைஸ் மில்லில் மிஷின் ஓட்டினார். தவிடு மழை மாதிரி கொட்டுகிற இடம். அங்கே வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் சாயங்காலம் பார்த்தால் கிழவர்கள் மாதிரி வெள்ளையாக வெளியே வருவார்கள். மச்சான் மட்டும் தலைக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போவார், கறுப்பாகவே வெளியே வருவார். அப்படி ஒரு முடி அவருக்கு. நெற்றிக்கு மேலே ஒரு அலை எழும்பி அப்படியே பின்னால் போய்ப் படுக்கும். ஊர் முடிதிருத்துகிறவரிடம் தலையைக் கொடுக்க மாட்டார். சீர்காழிக்குப் போய்ச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தால்தான் அவருக்குத் திருப்தி. சட்டைப் பையில் எப்போதும் சீப்பு இருக்கும்.

சாமி விஷயத்தில் அவர் எந்தக் கட்சியும் இல்லை. சாமி இல்லை என்று சொல்லமாட்டார். இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், நம்மைத் தொந்தரவு பண்ணாமல் இருந்தால் சரி என்பார். மாரியம்மன் கோயில் திருவிழா வந்தால் மைக் செட்டுக்காரனுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்வார். மைக் செட்டு கோயிலுக்கு எதிர்ப்புறம் தள்ளி இருக்கும். அதனால்தான்.

அவருக்கு ஒரே பெண். எனக்கு அக்கா மகள். நான் தாய்மாமன். காது குத்தும்போது என் மடியில்தான் உட்கார்ந்து கத்தியது. கத்திய கத்தலில் ஆசாரி ஊசியைக் கீழே போட்டுவிட்டுத் தேடினார். அந்தப் பெண் வளர்ந்து திருப்பூருக்கு வேலைக்குப் போனது. பஸ் ஏற்றிவிட்டவர் மச்சான்தான். அங்கே கூட வேலை பார்த்த பையனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டது. பையனுக்குப் பொறையாறு பக்கம். வேற ஆள், கிறிஸ்தவர்கள், லுத்தரன் சபை. கல்யாணம் சர்ச்சில் முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

மச்சானுக்கு அவர்கள் சாமி மேல் கோபம் இல்லை. எந்தச் சாமி மேலும் கோபப்படுகிற அளவுக்கு அவர் பழகியதில்லை. தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதுதான் அவருக்கு. அதிலிருந்து வீட்டில் அந்தப் பெண்ணின் பேச்சே கிடையாது. அக்கா பூத்துக்குப் போய்த் திருட்டுத்தனமாகப் பேசுவாள். பூத் ஊருக்கு நடுவில் இருந்தது, அதனால் மச்சானைத் தவிர ஊரே அந்தத் திருட்டைக் கேட்டது.

வேன் கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் மச்சானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். குழம்பு ஊற்றிக்கொண்டே அக்கா சொன்னாள்.

"ஏழு மாசம் ஆச்சாம்."

"எந்த மாடு?" என்றார் மச்சான்.

"மாடில்ல. நீங்க பெத்தது."

மச்சான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"மாப்பிள்ளை திருப்பூர்ல இருக்காராம். இவளுக்கு அங்க சூடு ஒத்துக்கலன்னு பொறையாத்துல கொண்டாந்து விட்டிருக்காரு. தலைப்பிரசவங்க. நம்ம வீட்டுல வச்சுத்தான் பாக்கணும்."

"யாரைக் கேட்டுக் கல்யாணம் பண்ணிக்கிட்டாளோ, அவங்க வீட்டுலயே பெத்துக்கட்டும். அவ இந்த வாசப்படிய மிதிச்சா நான் மில்லுல போயிப் படுத்துக்குவேன். சோறு நீயே ஆக்கி நீயே தின்னு."

அக்கா கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு ரசம் வரவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அக்காவுக்கு அது வழக்கம் மட்டும் இல்லை. அவளுடைய முதல் பிரசவத்தின்போது எங்கள் அம்மா படுத்த படுக்கையாக இருந்தாள். அழைத்து வர ஆள் இல்லை. மாமியார் வீட்டிலேயே பெற்றாள், குழந்தை தங்கவில்லை. இந்தப் பெண் அதற்கப்புறம் பிறந்தது. அம்மா பக்கத்தில் இருந்திருந்தால் அந்தக் குழந்தை பிழைத்திருக்கும் என்று அக்கா மனதில் ஒரு எண்ணம். டாக்டரே வந்து சொன்னாலும் அது மாறாது. இப்போது தன் பெண்ணுக்கும் அதே மாதிரி ஆகிவிடுமோ என்று ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்தாள்.

சாமியிடம் வேண்டிக்கொள்ளேன் என்று சொன்னேன்.

"கேட்டதெல்லாம் போதும்டா தம்பி. கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது. இனிமே அதுக்கு வேணும்னா அது வந்து என்னக் கேக்கட்டும்" என்றாள்.

பிறகு எதற்கு வேளாங்கண்ணி வேனில் ஏறினாள் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவள் மெதுவாக, "பொறையாறு வழியாத்தானேடா வண்டி போவுது? வாசல்ல கீசல்ல நின்னா பாத்துக்கலாம்" என்றாள். அதற்காக விடியலிலேயே வந்து ஜன்னலோரம் பிடித்துவிட்டாள்.

மச்சான் ஏறியது எதற்கு என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். என்னைக் கேட்டால், திரும்பி வரும்போது நாகூரில் வண்டியை நிறுத்துவார்கள். அங்கே இறால் வைத்து வாடா என்று ஒன்று சுடுவார்கள். சுடச்சுட வாங்கி வெங்காயத்தோடு கடித்தால் ஜென்மம் போதும் என்று தோன்றும். நான் வந்தது வாடாவுக்கு. ஆக மூன்று பேரில் யாராவது ஒருத்தர் மாதாவைத் தேடிப் போனோம் என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

வண்டி கிளம்பியது. வழியெல்லாம் காவி உடுத்திக்கொண்டு கால்நடையாகப் போகிற கூட்டம். சின்னச் சப்பரத்தில் மாதாவை வைத்துத் தள்ளிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். கொப்புளம் வந்த காலோடு நடக்கிற அவர்களைப் பார்த்தால் வேனில் போகிற எங்களுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கூச்சம் பொறையாறு வரைக்கும்தான். அதற்கப்புறம் ஆண்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், காரைக்கால் பக்கத்தில் வந்துவிட்டது.

பொறையாறில் அக்கா ஜன்னல் கம்பியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு பார்த்தாள். சர்ச் தெரிந்தது. ஒரு தையல்கடை தெரிந்தது. பையனுடைய அப்பா தையல்காரர் என்று பூத்தில் கேட்டிருந்தாள். ஆனால் கடைத்தெருவில் நாலைந்து தையல்கடை இருந்தது, வீடு எந்தச் சந்து என்று தெரியாது. மச்சான் கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார். தூங்குகிறவருக்குக் கால் ஆடாது. அவருக்கு ஆடியது.

"பாத்தியாக்கா?" என்றேன்.

"யாரை?" என்றாள் அக்கா. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

காரைக்காலில் நுழைந்ததும் டிரைவர் ஓரமாக நிறுத்தினான். எஞ்சின் சூடாகிவிட்டதாம். அந்த எஞ்சின் அந்த ஊரில் மட்டும்தான் சூடாகும். சூடு ஆறுகிற வரைக்கும் ஆண்கள் எல்லோரும் ஆளுக்கொரு திசையில் காலார நடந்துவிட்டு வந்தார்கள். திரும்பி வரும்போது எல்லோருக்கும் பக்தி கூடியிருந்தது. ஒருத்தர் வண்டியில் ஏறும்போதே "மரியே வாழ்க" என்றார். அவர் பெருமாள் கோயில் தேருக்கு வடம் பிடிக்கிறவர்.

மச்சான் அன்றைக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகக் காலார நடந்துவிட்டார். பொறையாறைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டி வந்ததுதான் காரணமோ என்னவோ. எனக்கு அப்போது அது தோன்றவில்லை.

வேளாங்கண்ணியில் திருவிழாக் கூட்டம். மணல் கொதித்தது. பெண்கள் எல்லோரும் மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு கோயிலுக்குள் போனார்கள். அக்காவையும் இட்லிக்கடை அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. மச்சானுக்குக் கால் பின்னியது. என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, உங்கக்கா மோப்பம் புடிச்சுட்டா இங்கேயே என்னக் கடல்ல தள்ளிடுவா. எங்கயாவது தண்ணி இருக்கா பாரு."

கடற்கரைக்குப் போகிற வழியில் ஒரு குழாய் இருந்தது. அதற்கடியில் தலையைக் காட்டி நன்றாக நனைத்துக்கொண்டார். பக்கத்திலேயே திருவிழாவுக்காகப் போட்ட கீற்றுக் கொட்டகை. நிழலாக இருந்தது. நீளமாகப் பலகை போட்டிருந்தார்கள். அவரை அங்கே உட்கார வைத்துவிட்டு, ஒரு எலுமிச்சம்பழமும் கோலி சோடாவும் வாங்கி வரப் போனேன். கொட்டகையில் என்ன நடக்கிறது என்று நான் பார்க்கவில்லை. வெயிலிலிருந்து வந்தவனுக்கு உள்ளே இருட்டாகத் தெரிந்தது. அவர் பார்க்கிற நிலையில் இல்லை.

சோடாக்கடையில் கூட்டம். நான் திரும்பி வர நேரமாகிவிட்டது. வந்து பார்த்தால் பலகையில் மச்சானைக் காணோம். ஒரு ஆள், தலையில் வலதுபக்கம் வழுக்கையும் இடதுபக்கம் அலையலையாகக் கறுப்பு முடியுமாக உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒருவர் சவரக்கத்தியோடு குந்தியிருந்தார்.

"ஏங்க, இங்க ஒருத்தர் உக்காந்திருந்தாரே, பாத்தீங்களா?" என்று அந்த ஆளையே கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "மாப்ள" என்றார். பிறகு தலையைத் தடவினார். தடவிய கை பாதியில் நின்றது.

அதற்குள் ஈரத்தலையோடு ஒரு விவசாயி ஓடி வந்தார்.

"யோவ்! அது என் துண்டுய்யா! நான் துண்டு போட்டுட்டுத் தலைய நனைக்கப் போனேன், அதுக்குள்ள நீ யாருய்யா உக்காந்தது?"

அப்போதுதான் விஷயம் விளங்கியது. அது மொட்டை போடுகிற கொட்டகை. நம் ஊரில் பஸ்ஸுக்கு இடம் பிடிக்க ஜன்னல் வழியாகத் துண்டு போடுவோமே, அந்த மாதிரி அந்த விவசாயி பலகையில் துண்டு போட்டுவிட்டு, அடுத்தது நான் என்று சொல்லிவிட்டுத் தலையை நனைக்கப் போயிருக்கிறார். மச்சான் நனைந்த தலையோடு நேராக அந்தத் துண்டில் போய் உட்கார்ந்து, தலையையும் குனிந்துகொண்டிருக்கிறார்.

சவரம் செய்கிறவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஈரத்தலை, துண்டு மேல உக்காந்திருக்காரு, குனிஞ்சும் குடுக்குறாரு. நான் என்ன, ஜாதகம் வாங்கிப் பாத்துட்டா கத்தி வைக்க முடியும்? ஆரம்பிக்கட்டுமாய்யான்னு கேட்டேன். உம்முன்னாரு."

"நான் தூங்கிட்டு இருந்தேன்யா!" என்றார் மச்சான்.

"தூங்குறவரு உம்முன்னா எனக்கு எப்படித் தெரியும்? இப்ப என்ன செய்யச் சொல்றீங்க? பாதித் தலையோட ஊருக்குப் போறீங்களா, முழுசாப் போறீங்களா? நீங்களே சொல்லுங்க. பின்னால ஆளு நிக்குது."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் சோடாவைப் பார்த்தேன். பாதித் தலைக்கு யார்தான் யோசனை சொல்ல முடியும்?

"முடிச்சுடு" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

முடிந்ததும், "மீசை?" என்று கேட்டார் சவரம் செய்கிறவர்.

"வீடே போனப்புறம் வாசக்கதவு எதுக்கு? எடு."

துண்டுக்காரருக்கு அதற்குள் கோபம் ஆறிவிட்டது. அவர் தம்பி சவூதியிலிருந்து நல்லபடியாக வந்து சேர்ந்ததற்காக மொட்டை போட வந்தவராம். மச்சான் பக்கத்தில் குந்திக்கொண்டு ஆறுதல் சொன்னார்.

"விடுங்கண்ணே. நாங்கள்லாம் வேண்டிக்கிட்டு வர்றோம். உங்கள மாதா அவங்களாவே கூப்பிட்டிருக்காங்க."

"அவங்க கூப்பிடலீங்க. உங்க துண்டுதான் கூப்பிட்டுச்சு" என்றார் மச்சான்.

சோடாவைக் குடித்ததும் போதை சுத்தமாக இறங்கிவிட்டது. இறங்காமல் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேனுக்குப் போக மாட்டேன் என்றார். கடைசியில் பெண்கள் வருவதற்கு முன்னால் போய்ப் பின்சீட்டு மூலையில் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொருவராக ஏறி, பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டார்கள். அக்கா கடைசியாக ஏறினாள். படியில் நின்றபடியே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"யாருக்கு வேண்டுதல்ணே?" என்று முன்சீட்டுப் பெண் ஒருத்தி கேட்டாள்.

மச்சான் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் காரைக்காலில் எஞ்சின் சூடானதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இட்லிக்கடை அம்மா அதட்டியது. "அடியே, கேக்காதீங்கடி. வேண்டுதல வாய் விட்டுச் சொன்னா பலிக்காது. அவருக்குத் தெரியும், மாதாவுக்குத் தெரியும்." சொல்லிவிட்டு மூச்சு வாங்கியது. "வேற எதுக்கு இருக்கும்? மாரியம்மனுக்கே தலை குனியாத மனுஷன். மக ஏழு மாசம். கிறிஸ்தவங்க வீட்டுல வாழப்போன பொண்ணு, அதான் மாதாகிட்டயே வந்து முடியக் குடுத்திருக்காரு. பெத்த வயிறு மட்டுந்தான் துடிக்குமா? ஆம்பளைங்க சொல்ல மாட்டாங்க. நீங்க யாரும் கேக்காதீங்க."

யாரும் கேட்கவில்லை. அதற்கப்புறம் கேட்பதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை.

நாகூரில் நிறுத்தினார்கள். நான் வாடாக்கடைக்குப் போனேன். வந்து பார்த்தால் அக்கா எங்கேயோ சந்தனம் வாங்கி, உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக் குழைத்து, மச்சான் தலையில் தடவிக்கொண்டிருந்தாள். குழந்தைக்குத் தடவுகிற மாதிரி, காது ஓரமெல்லாம் விட்டுப்போகாமல். அவர்கள் இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசியே எத்தனை காலமாகியிருந்ததோ. மச்சான் நெளிந்தார்.

"இத பாரு, நீ நினைக்கிற மாதிரி..."

"எனக்குத் தெரியுங்க."

"உனக்கு என்ன தெரியும்?"

"பேசாம இருங்க. சொன்னா பலிக்காது."

மச்சான் என்னைப் பார்த்தார். என் வாயில் வாடா இருந்தது.

பொறையாறு வந்தது. சாயங்கால வெயில் இன்னும் இருந்தது. இட்லிக்கடை அம்மா எழுந்து நின்று, "வண்டிய நிறுத்துப்பா, தையல்காரர் வீட்டுக்குப் போவணும்" என்றது.

"அது ரூட்ல இல்லையேம்மா" என்றான் டிரைவர்.

"காலையில காரைக்கால்ல சூடாச்சுல்ல? இப்ப இங்க சூடாகட்டும்."

ஆண்கள் யாரும் டிரைவருக்குப் பரிந்து பேசவில்லை. அந்த அம்மா இறங்கி, மருமகள் திருப்பூரிலிருந்து வந்திருக்கிற தையல்காரர் எவர் என்று நாலு பேரைக் கேட்டு, சந்து எது என்று கண்டுபிடித்து, வேனை வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்த வைத்துவிட்டது. இறங்குவதற்கு முன்னாலேயே சத்தம் போட்டது.

"ஏ பொண்ணு! வெளிய வந்து பாரு! உங்கப்பா உனக்காக மொட்ட போட்டுட்டு வந்திருக்காரு!"

மச்சான் சீட்டுக்கடியில் போய்விடுவார் போல இருந்தது. "மாப்ள, நான் சொல்லிடப் போறேன்" என்றார் என் காதில். "பொய்யா ஒரு பேரு எனக்கு வேணாம். அதுவும் புள்ளகிட்ட." அவர் அப்படிப்பட்ட ஆள்தான். முரடன், ஆனால் அளவில் ஏமாற்றமாட்டார். மில்லில் தவிட்டைக்கூடக் கேட்டுத்தான் எடுப்பார். அவர் சொன்னால் அந்தப் பெண் வந்த வழியே உள்ளே போய்விடும். அக்கா மறுபடி பூத் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

பெண் வெளியே வந்தது. வயிறு முன்னால் வர, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. முகம் மெலிந்திருந்தது. அக்கா எப்படி இறங்கினாள் என்று தெரியவில்லை, அடுத்த நிமிஷம் அதன் பக்கத்தில் நின்றாள். மகள் வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். பெண் அம்மாவைப் பிடித்துக்கொண்டே வேன் படிக்கு வந்து உள்ளே எட்டிப் பார்த்தது. சந்தனம் பூசிய தலை மூலையில் மின்னியது.

"அப்பா" என்றது.

மச்சான் எழுந்து படி வரைக்கும் வந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இத பாரும்மா. நான் உனக்காக ஒண்ணும் மொட்ட போடல. காரைக்கால்ல குடிச்சேன். வேளாங்கண்ணியில துண்டு மாறி உக்காந்துட்டேன். செரச்சுட்டாங்க. அவ்வளவுதான்."

பெண் அவரையே பார்த்தது. அழப்போகிறது என்று நினைத்தேன், சிரித்துவிட்டது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"ஒரு பொய்கூட ஒழுங்கா சொல்லத் தெரியலப்பா உங்களுக்கு. துண்டு மாறி உக்காந்தா யாராவது மொட்ட போடுவாங்களா?"

"அட, நிஜமாம்மா! மாப்ள, நீ சொல்லேன்!"

"ஆமாம்மா. துண்டுதான். நான் பார்த்தேன்" என்றேன்.

"மாமா, நீங்களும் சேந்துக்கிட்டு அவரு மாதிரியே பேசாதீங்க." கையை நீட்டி அவர் தலையைத் தொட்டது. "உங்க முடிப்பா. எங்கல்லாம் போயி வெட்டுவீங்க. சீப்பு இல்லாம வெளிய வரமாட்டீங்களே."

மச்சான் இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, துடைக்கவும் தோன்றாமல் நின்றார். அத்தனை பேர் முன்னால் உண்மையைச் சொல்லி, அத்தனை பேரும் நம்பாமல் போன ஒரு மனுஷனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்குள் தையல்காரர் கழுத்தில் அளவு டேப்போடு வந்துவிட்டார். நல்ல மனுஷன். கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நின்றார். அவருக்கும் ஒரு சங்கடம் இருந்தது.

"சம்பந்தி, தப்பா நெனைக்கக் கூடாது. எங்க சபையில மொட்ட கிடையாதுங்க. மாதாகிட்ட வேண்டுதலும் கிடையாது. நாங்க வேளாங்கண்ணிக்கே போறதில்ல."

"நானுந்தாங்க" என்றார் மச்சான்.

"ஆனா எங்க சபை பாஸ்டர் அய்யரு அடிக்கடி சொல்லுவாரு. கிருபைங்கறது நாம தேடிப் போயி வாங்குறது இல்ல, அதுவா தேடி வர்றதுன்னு."

"கத்தியோட வரும்னு சொன்னாரா?"

தையல்காரருக்குப் புரியவில்லை, ஆனாலும் சிரித்தார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இதற்கப்புறம் மச்சான் மாதா பக்தர் ஆகிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். சாகிற வரைக்கும் எந்தக் கோயிலுக்குள்ளும் போகவில்லை. மைக் செட்டுக்காரனுக்குத்தான் சாப்பாடு கொண்டுபோனார். கேட்டால், "ஒரு தடவ சும்மா நெழலுக்கு உக்காந்ததுக்கே அப்படி. உள்ள வேற போனா என்ன ஆகும்?" என்பார். நானும் பெரிய யோசனைக்காரன் இல்லை. கேட்டுக் கேட்டும் மேட்டூரிலிருந்து தண்ணீர் வராத வருஷம் அது. யாரும் கேட்காத ஒன்று எங்கள் வீட்டுக்கு மட்டும் எப்படி வந்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அக்காவைக் கேட்டால், "கேக்காம விட்டதுனாலதான்டா" என்கிறாள். அவள் எதையும் இப்படித்தான் முடிப்பாள்.

பொறையாறு சந்துக்கு வருகிறேன். தையல்காரர் வீட்டில் எல்லோருக்கும் காப்பி வந்தது. வேன் முழுக்க ஆள், அந்த வீட்டில் டம்ளரோ கொஞ்சம்தான். கழுவிக் கழுவிக் கொடுத்தார்கள். மச்சான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஆறவிட்டார். அக்கா பெண்ணின் கையை விடவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. மச்சான் முகத்தை மட்டும் ஒருதரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

மச்சான் கனைத்தார்.

"சம்பந்தி, தலைப்பிரசவம். எங்க பக்கம் தாய்வீட்டுல வச்சுத்தான் பாக்கறது. நாள் பாத்துட்டு நாங்க முறையா வந்து அழைச்சுக்கிட்டுப் போறோம். உங்களுக்குச் சம்மதம்னா."

தையல்காரர் தன் வீட்டுக்கார அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா தலையசைத்தது.

"தாராளமாங்க. ஆனா நாங்க நாள் கிழமை பாக்கறதில்லீங்க. எல்லா நாளும் கர்த்தருடைய நாள்தான்."

மச்சான் இதை எதிர்பார்க்கவில்லை. காப்பியை ஒரே மடக்கில் குடித்தார்.

"எல்லா நாளும் நல்ல நாள்னா இன்னைக்கும் நல்ல நாள்தானே? அப்ப இன்னைக்கே கிளம்பட்டும்."

பிறகு ஒரே அமளி. மாமியார் அம்மா பையில் துணியை அடைத்தது, ஊறுகாய் ஜாடியை அக்கா கையில் திணித்தது, மகனுக்குத் திருப்பூருக்கு யார் ஃபோன் போடுவது என்று தையல்காரரிடம் கத்தியது. இட்லிக்கடை அம்மா வேனுக்குள் நின்று நீ அங்கே போ, நீ இங்கே வா என்று எல்லோரையும் மாற்றி உட்கார வைத்தது. தையல்காரர் ஒரு தலையணையைக் கொண்டுவந்து, "முதுகுக்கு வச்சுக்கோம்மா" என்று கொடுத்தார். அவர் சின்னதாக ஒரு ஜெபம் பண்ணினார். ஆண்கள் எல்லோரும் அது முடிகிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். மூடிக்கொண்டதற்குக் காரணம் மரியாதை பாதி, காலையில் குடித்தது பாதி.

பெண் ஏறி அம்மா பக்கத்தில் உட்கார்ந்தது. மச்சானுக்கு இடம் இல்லை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி சந்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வந்ததும் டிரைவர் கியரை மாற்றினான். மச்சான் குனிந்து அவன் தோளைத் தட்டினார்.

"மெதுவாப் போப்பா. புள்ளத்தாச்சி இருக்கு."

அவன் மெதுவாகப் போனான். இன்னும் மெதுவாக என்றார். அதற்கும் மெதுவாகப் போனான். பால்கேன் கட்டின சைக்கிள் ஒன்று மணி அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. வீட்டில் மாடு கட்டவேண்டியவர்கள், உலை வைக்கவேண்டியவர்கள் எல்லோரும் அந்த வேனில் இருந்தார்கள். ஒருத்தரும் வேகமாகப் போ என்று சொல்லவில்லை.